கால்மாட்டுப் பலகை

“பெட்டிக்குள்ள கிடந்த பிள்ளையின்ர காலை நீ பாத்தனியோ, பிள்ளை?”

இப்படி ஒரு கேள்வி தன்னிடம் வரும் என்று கௌசலா ஒருநாளும் நினைத்ததில்லை. அவளிடம் பொதுவாகவே யாரும் எதையும் கேட்பதில்லை. கடைக்குப் போனால் தேங்காய் என்று வாயால் சொல்ல வெட்கப்பட்டு, விரலால் காட்டி வாங்கிவருகிற பெண் அவள். கேட்டவள் கண்டாவளையிலிருந்து சைக்கிளில் வந்திருந்த இராசமலர் என்ற மனுசி. கேட்டுவிட்டு, முற்றத்துக் கதிரையின் நுனியில் இருந்தபடி, கௌசலாவின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் காத்திருந்தாள்.

ஓம் என்று சொன்னால் கௌசலாவைக் கொண்டுபோய்விடுவார்கள். இல்லை என்று சொன்னால், ஏற்கெனவே கொண்டுபோன இராசமலரின் மகள் திரும்பி வரமாட்டாள். கேள்வி அப்படிப்பட்டது. அது எப்படி அந்த முற்றத்துக்கு வந்து சேர்ந்தது என்பதை நிரோஜனிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

நிரோஜன் கௌசலாவின் அண்ணன். அவர்களுடைய தகப்பன் தில்லைநாதன் வடமராட்சியில் காணி இல்லாமல், இளந்தாரியாக ஆனையிறவைத் தாண்டி வந்து, இரணைமடுக் குளத்து வாய்க்காலுக்குக் கீழே குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த நிலத்தை வயலாக்கியவர். வரும்போது அவரிடம் ஒரு சைக்கிளும் ஒரு மண்வெட்டியும்தான் இருந்தன என்று தாய் இரஞ்சிதம் சொல்லுவாள். அதோடு விடமாட்டாள். “அந்த மண்வெட்டிதானே பிறகு என்ர பிள்ளையின்ர காலையும் வெட்டினது” என்று சேர்த்துச் சொல்லுவாள்.

அது உண்மை. நிரோஜன் சிறுவனாக இருந்தபோது தகப்பனோடு வாய்க்கால் துப்புரவாக்கப் போனான். சேற்றுக்குள் அவன் காலை எங்கே வைத்திருந்தான் என்று தில்லைநாதனுக்குத் தெரியவில்லை. மண்வெட்டி அவனுடைய இடது புறங்காலில் இறங்கிவிட்டது. காயம் ஆறிய பிறகும் ஒரு பூரான் படுத்திருப்பதுபோல அந்த இடத்தில் தழும்பு நின்றது. அதற்குப் பிறகு வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் இரஞ்சிதம் அந்தக் காலைத்தான் முதலில் எடுப்பாள்.

“நீங்கள் கதையாதேங்கோ. பெத்த பிள்ளையின்ர காலைக் கொத்தின மனுசன்.”

நிரோஜன் சிரித்துக்கொண்டு காலை நீட்டிக் காட்டுவான். “விடுங்கோ அம்மா. அப்பா குறி சுட்டு விட்டிருக்கிறார். பட்டி மாறிப் போனாலும் பிடிச்சுக்கொண்டு வரலாம்.”

வீட்டுக்கு ஒரு பிள்ளை இயக்கத்துக்கு வரவேண்டும் என்று அறிவித்தபோது அவன்தான் போனான். அந்த வருசம் விதைப்பு முடிந்து, கடைசி வரம்பையும் கட்டிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு வந்து குசினி வாசலில் நின்று சொன்னான். “நான் போறன். இவளை அனுப்பினா துவக்கைத் தூக்க முதல், துவக்குக்கு முன்னால நிண்டு வெக்கப்படுவாள்.” கௌசலாவின் தலையில் ஒரு குட்டு. அவ்வளவுதான் அவன் விடைபெற்றது. இரஞ்சிதம் அடுப்படியைவிட்டு எழும்பவில்லை. தில்லைநாதன் வேலிப் படலைவரைக்கும் கூடப்போனார்.

வீட்டுக் கணக்குக்கு ஒருவன் போய்விட்டான், கௌசலா தப்பினாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் சண்டை இறுக இறுக, காவலரண்களிலிருந்து சில பிள்ளைகள் இரவோடிரவாக ஓடத் தொடங்கினார்கள். ஒருவன் ஓடினால் அவனுடைய வீட்டிலிருந்து இன்னொருவரைப் பிடித்தார்கள். அதே வாய்க்கால் கரையில் குடியிருந்த செல்வராசா என்பவரின் மகன் மன்னார்ப் பக்கத்துச் சண்டை லைனைவிட்டு ஓடிவிட்டான் என்று வந்து, ரியூசனுக்குப் போய்க்கொண்டிருந்த தங்கச்சியை வழியில் வைத்து ஏற்றினார்கள். செல்வராசா மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியதைக் கௌசலா வேலியால் பார்த்தாள். அடுத்த நாளோடு அவளுடைய பள்ளிக்கூடம் நின்றது. ஒழுங்கையில் வாகனச் சத்தம் கேட்டால் இரஞ்சிதம் அவளை நெல்மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, முன்னால் ஒரு சாக்கை இழுத்து மூடுவாள். நெற்தூசியில் தும்மல் வரும். தும்மாமல் இருப்பதற்காக மூக்கைப் பொத்திக்கொண்டு, அண்ணா ஓடிவிடக்கூடாது, அண்ணா ஓடிவிடக்கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருப்பாள். அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கிற வயசு அவளுக்கு வந்திருந்தது. ஆனாலும் அதைத்தான் சொன்னாள்.

இரண்டாயிரத்து எட்டு, மாசி மாதம். அரிவு வெட்டி, களத்தில் நெல் சூடு அடித்துக்கொண்டிருந்த நாட்கள். பொழுது மம்மலாகிற நேரத்தில் ஒரு பிக்கப் வந்து படலையில் நின்றது. கௌசலா வழக்கம்போல மூட்டைகளுக்குப் பின்னால் போனாள். இந்தமுறை அவர்கள் அவளுக்காக வரவில்லை. தாயின் குரல் வீட்டுக் கூரையைத் தூக்கியபோது அவள் வெளியே வந்தாள். முற்றத்தில் பெட்டி இருந்தது.

பெட்டி ஆணி அடித்து மூடப்பட்டிருந்தது. கூட வந்திருந்த பொறுப்பாளர் தாழ்ந்த குரலில் கதைக்கிற மனிதர். “முகம் பாக்கேலாதம்மா. செல் நேர விழுந்தது. பிள்ளையை நீங்கள் நினைச்சிருக்கிற மாதிரியே நினைச்சுக்கொண்டிருங்கோ” என்றார். இரஞ்சிதம் முகத்தைக் கேட்கவில்லை. அவள் கேட்டது வேறு.

“விரல் கட்டாமல் என்ர பிள்ளையை விடமாட்டன். வாய்க்கரிசியும் இல்லை, குளிப்பாட்டவும் இல்லை. கால் ரெண்டையும் விரிச்சுக்கொண்டு அலையவோ போறான்? திறவுங்கோ. கால்மாட்டையாவது திறவுங்கோ.”

செத்தவரின் கால் பெருவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டுவது அவர்கள் வழக்கம். சண்டையில் செத்தவர்களை வித்துடல் என்று சொல்கிற இயக்கத்தில் அதெல்லாம் செய்வதில்லை. பொறுப்பாளர் பெட்டியின் ஆணிகளைக் குனிந்து பார்த்தார். பிறகு, சூடு அடிக்கிற களத்திலிருந்து ஓடிவந்திருந்த அப்புத்துரையிடம் குறடு இருக்கிறதா என்று கேட்டார். அப்புத்துரை உழவு மிசினில் சூடு அடித்துக் கொடுக்கிறவர், அவருடைய மடியில் குறடு எப்போதும் இருக்கும். கால்மாட்டுப் பலகையின் ஆணிகளை மட்டும் அவர் பிடுங்கினார். பிடுங்கிவிட்டு, பார்க்கப் பயந்து, தள்ளிப் போய்விட்டார்.

அதற்குள் இரஞ்சிதம் தலைமாட்டில் விழுந்துவிட்டாள். பெட்டியைக் கட்டிப்பிடித்த கை எடுபடவில்லை, கண் மேலே செருகிவிட்டது. பெண்கள் எல்லோரும் அவளுக்குத் தண்ணீர் தெளிக்கப் போனார்கள். கால்மாட்டில் தில்லைநாதன் அரிக்கன் லாம்போடு நின்றார். பக்கத்தில் கௌசலா, கையில் அவசரத்துக்குக் கிழித்த வேட்டித்துண்டு.

பலகையை விலக்கினார்கள். கால்கள் பழுதில்லாமல் இருந்தன. கழுவித் துடைத்து விட்டிருந்தார்கள். கௌசலா குனிந்து துணியைப் பெருவிரலில் சுற்றினாள். சுற்றும்போது கண்டாள். வலது காலில், பெருவிரலுக்கு அடுத்த இரண்டு விரல்களும் நகம்வரைக்கும் ஒட்டியிருந்தன. இரண்டு விரலுக்கும் ஒரே தோல். அவள் நம்பாமல் இடது காலைப் பார்த்தாள். புறங்கால் வழுவழுவென்று வெறுமையாக இருந்தது. பூரான் இல்லை.

நிமிர்ந்து தகப்பனைப் பார்த்தாள். தில்லைநாதன் லாம்பை இன்னும் தாழ்த்திப் பிடித்தார். அந்தக் காலைக் கொத்தியவர் அவர். அந்தத் தழும்பு எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று அவருக்குத் தெரியாததா? அவருடைய வாய் ஒருமுறை திறந்தது. பிறகு அவர் செல்வராசாவின் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பொறுப்பாளரைப் பார்த்தார். கடைசியாகக் கௌசலாவைப் பார்த்தார்.

“கட்டு பிள்ளை” என்றார். “இறுக்கிக் கட்டு.”

அவள் கட்டினாள். அவர் தானே பலகையை வைத்து மூடி, உள்ளங்கையால் ஆணிகளைத் தட்டினார். பிறகு எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகக் குரலை எடுத்தார்: “என்ர பிள்ளைதான்! ஐயோ, என்ர பிள்ளைதான்!”

அந்தக் குரல் பொய்க்குரல் இல்லை. அவர் அழுத அழுகையும் பொய் இல்லை. யாருக்காக அழுதார் என்பது மட்டும்தான் கௌசலாவுக்கு விளங்கவில்லை. மறுநாள் விசுவமடுவில், மாவீரர் துயிலும் இல்லத்தில் நிரோஜனின் பெயரில் அந்தப் பிள்ளையைப் புதைத்தார்கள்.

அதன் பிறகு அவர்கள் மாவீரர் குடும்பம். மாவீரர் வீட்டில் அப்போது இன்னொரு பிள்ளையைக் கேட்பதில்லை. கௌசலா நெல்மூட்டைக்குப் பின்னால் ஒளிய வேண்டியதில்லை. வாய்க்காலுக்குக் குளிக்கப் போனாள், ஆலைக்குப் போனாள், பிள்ளையார் கோவிலுக்குப் போனாள். வழியில் துவக்கோடு போகிற பெட்டைகள் “நிரோஜன்ர தங்கச்சி” என்று தலையசைத்துவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு முறையும் அந்த ஒட்டிய விரல்கள்தான் அவளுடைய கண்ணுக்கு முன்னால் வரும். பெயர் தெரியாத ஒருவன் தன்னுடைய காலை நீட்டி அவளுக்கு வழிவிட்டிருக்கிறான்.

வீட்டில் இரஞ்சிதம் விடியவும் பொழுதுபடவும் நிரோஜனின் படத்துக்கு முன்னால் விளக்கு வைத்தாள். உயிரோடு இருக்கிறானோ இல்லையோ என்று தெரியாத மகனுக்குத் தாய் பூ வைப்பதைத் தகப்பனும் மகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. நிரோஜனிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. அவன் ஓடினானா, காட்டுக்குள் எங்காவது கிடந்தானா, இன்னொரு வீட்டு முற்றத்தில் இன்னொரு பெயரோடு இறக்கப்பட்டானா, யாருக்குத் தெரியும்.

வைகாசி வெயிலில் இராசமலர் வந்தாள்.

படலையில் சைக்கிளைச் சாத்திவிட்டு, “வீட்டுக்காரர், வீட்டுக்காரர்” என்று கூப்பிட்டாள். இரஞ்சிதம் வெளியே வந்து யார் என்று கேட்க, “கண்டாவளை. செத்த வீட்டுக்கு வரக் கிடைக்கேல்லை” என்றாள். துக்கம் விசாரிக்க வந்தவள் என்று இரஞ்சிதம் உடனே கதிரையைத் தூக்கிப்போட்டாள். இராசமலர் செருப்பைக் கழற்றிவிட்டு, கிணற்றடிக்குப் போய், வாளித் தண்ணீரை ஊற்றிக் கால் கழுவினாள். அடுத்த வாளிக்குக் கப்பிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற கௌசலா தற்செயலாகக் கீழே பார்த்தாள்.

வலது கால். பெருவிரலுக்கு அடுத்த இரண்டும் ஒட்டியிருந்தன. நகம்வரைக்கும்.

கயிறு கையிலிருந்து வழுகி, வாளி கிணற்றுக்குள் விழுந்தது.

“உனக்குக் கை என்ன வாழைத்தண்டோ?” என்று இரஞ்சிதம் குசினியிலிருந்து சத்தம் போட்டாள். “வாற ஆக்களுக்கு முன்னால மானத்தை வாங்கிறாள். அக்கா, குறை நினையாதேங்கோ. பிளேன்ரீ வைக்கிறன்.”

தாய் அடுப்பைப் பற்றவைக்கிற நேரத்தில்தான் இராசமலர் அந்தக் கேள்வியைக் கேட்டாள். சுற்றிவளைக்கவில்லை. தன்னுடைய மகன் ரூபனும் நிரோஜனும் ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்து பங்கர்களில் நின்றவர்கள் என்றாள். ஒரே நாளில்தான் செல் விழுந்தது. மற்ற வீடுகளுக்குப் பெட்டி வந்தது. அவளுக்கு வரவில்லை. உன்னுடைய மகன் ஓடிவிட்டான் என்று சொல்லி, மகள் சுகிர்தாவை வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

“ஓடியிருந்தா எனக்குச் சந்தோசம் பிள்ளை. சத்தியமாச் சந்தோசம். ஆனா அவன் ஓடேல்லை. ஓடினவன் தாயிட்ட வராமல் வேற எங்க போவான்? அந்தக் கிழமை பெட்டி வந்த வீடெல்லாம் போய்க்கொண்டு வாறன். எல்லாப் பெட்டியும் ஆணி அடிச்ச பெட்டி. இந்த வீட்டில மட்டும் கால்மாட்டைத் திறந்து விரல் கட்டினதெண்டு சொல்லிச்சினம். நீதான் கட்டினதெண்டும் சொல்லிச்சினம்.” குரலைத் தாழ்த்தினாள். “என்ர பிள்ளைக்கு என்ன அடையாளமெண்டு நான் சொல்லமாட்டன். நான் சொன்னால் நீ அதையே திருப்பிச் சொல்லிப்போடுவாய். நீ கண்டதை நீ சொல்லு. அவனெண்டு தெரிஞ்சா அவளை விடுவினம். பெட்டிக்குள்ள கிடந்த பிள்ளையின்ர காலை நீ பாத்தனியோ?”

கௌசலா சொல்ல வேண்டியது ஒரு சொல். சொன்னால் பெட்டிக்குள் கிடந்தது ரூபன். அப்படியானால் ஓடினவன் நிரோஜன். பிக்கப் திரும்பவும் இந்தப் படலைக்கு வரும். செல்வராசா ஓடியதுபோல அப்பா ஓடுவார். அவள் இதையெல்லாம் யோசித்தாள். யோசித்துக்கொண்டே அந்த மனுசியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கக்கூடாது என்று தெரிந்தும் கண்ணைத் தூக்க முடியவில்லை. ஈரம் காயாத பாதம். ஒட்டிய விரல்களுக்கு இடையில் செம்மண் ஒரு கோடாக நின்றது.

“இருட்டு” என்றாள் கடைசியில். குரல் அவளுக்கே கேட்கவில்லை. “நான்… வடிவாப் பாக்கேல்லை.”

“நான் பாத்தனான்.”

வயலிலிருந்து வந்த தில்லைநாதன் வேலியோரம் நின்றார். தோளில் மண்வெட்டி. எவ்வளவு நேரம் நின்றாரோ. “நான்தான் லாம்பு பிடிச்சனான். இடக்கால்ல மண்வெட்டித் தழும்பு இருந்தது. நான் கொத்தின கால், தங்கச்சி. எனக்குத் தெரியாதே?”

பிளேன்ரீயோடு வந்த இரஞ்சிதம் வாசலிலேயே நின்றுவிட்டாள். “தழும்பு தெரிஞ்சதோ?” என்றாள். “இவ்வளவு நாளும் நீங்கள் எனக்கு இதைச் சொல்லவே இல்லையே.” முந்தானையை வாயில் வைத்து அழுதாள். அந்த அழுகையில் ஒரு நிம்மதி இருந்ததைக் கௌசலா கண்டாள். “முகத்தைத்தான் காணேல்லை, காலெண்டாலும் முழுசா இருந்ததே. அக்கா, விரல் கட்டி அனுப்பினதுதான் எனக்கு ஒரு ஆறுதல். உங்கட பிள்ளை உயிரோட இருப்பான், பாருங்கோ. காட்டாலயெண்டாலும் வந்து சேருவான்.”

இராசமலர் அவளைப் பார்க்கவில்லை. கௌசலாவின் கண் போன இடத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக வலது காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“ஓம் அண்ணை” என்றாள் தில்லைநாதனிடம். “தகப்பனுக்குத் தெரியாமல் போகுமே?”

தேநீரைக் குடித்தாள். முழுவதையும் குடித்தாள். எழும்பும்போது கௌசலாவிடம் கேட்டாள்.

“உனக்கு எத்தினை வயசு?”

“பதினேழு.”

“சுகிர்தாவுக்கும் அதுதான்.”

சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள். ஒழுங்கை முடக்குவரைக்கும் ஏறவில்லை.

அடுத்து வந்த நாட்களில் கௌசலா பிக்கப்புக்காகக் காத்திருந்தாள். அந்த மனுசி கண்டுகொண்டாள் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், குழியைத் தோண்டிக் காலைப் பார்த்துவிடுவார்கள். ஆனால் பிக்கப் வரவில்லை. வராதது வருவதைவிடக் கஷ்டமாக இருந்தது. தனக்குக் கிடைக்கக்கூடிய மகளை அந்தத் தாய் ஏன் போய்க் கேட்காமல் இருக்கிறாள்? கேட்டால் யாரை ஏற்றுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதற்காகவா? அல்லது யாரும் அவளை நம்பமாட்டார்கள் என்பதற்காகவா?

ஒருநாள் வாய்க்கால் மதகில் தகப்பன் தனியாக இருந்தபோது கௌசலா பக்கத்தில் போய் நின்றாள்.

“அப்பா, அந்த அம்மா…”

“கதையாதை.”

“அவவின்ர பிள்ளையும் என்னை மாதிரித்தானே…”

“தெரியும்.” அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “எனக்கு எல்லாம் தெரியும். உன்னைக் குடுக்க என்னால ஏலாது. அவ்வளவுதான். அதுக்கு மேல என்னட்ட ஒண்டும் இல்லை.”

ஆவணி மாதத்தில் ஒரு காலை, அரிசியை மாவாக்க ஆலைக்குப் போகச் சொல்லித் தாய் அரிசிப் பையைச் சைக்கிள் கரியரில் கட்டிவிட்டாள். கௌசலா பிரதான வீதியில் ஏறினாள். ஆலைக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. அவள் அதை முதலிலேயே தீர்மானித்திருந்தாள் என்று சொல்ல முடியாது. சைக்கிள் நேரே போனது, அவள் மிதித்தாள். தூரத்தில் செல் விழுகிற சத்தம் கதவைச் சாத்துவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தது. வழிநெடுக ஒரு சொல்லைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். பாத்தனான். பாத்தனான் அம்மா. முன்பின் தெரியாத வீட்டில் அதை எப்படித் தொடங்குவது? கதவடியில் நின்றா, உள்ளே போயா? அதற்குப் பிறகு வருவதைப் பற்றி நினைக்காமல் இருக்க அது உதவியாக இருந்தது.

கண்டாவளையில் வீட்டை விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. ஒலிபெருக்கியில் சோககீதம் கேட்டது. ஒழுங்கையின் இரண்டு பக்கமும் தென்னோலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். வேறு வீடாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டே போனாள். தோரணம் முடிந்த இடத்தில் அந்தச் சைக்கிள், அதே சைக்கிள், வேலியில் சாத்தியிருந்தது.

இந்தப் பெட்டிக்கு ஆணி அடிக்கவில்லை. சுகிர்தாவின் முகம் தூங்குகிற முகம்போல இருந்தது. கழுத்தடியில் மட்டும் வெள்ளைத் துணி. கௌசலாவுக்குச் சனத்துக்குள்ளால் கால்மாடுதான் தெரிந்தது. இராசமலர் அங்கே குந்தியிருந்து, தன்னுடைய கையாலேயே பெருவிரல்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். சுகிர்தாவின் விரல்கள் தனித்தனியாகவே இருந்தன. ஒட்டிய விரல் தாயிடமிருந்து மகனுக்கு மட்டும்தான் போயிருந்தது. கட்டி முடித்துவிட்டு இராசமலர் அந்தக் கால்களில் முகத்தை வைத்தாள். யாரோ தூக்கப் பார்த்தார்கள். எழும்பவில்லை.

கௌசலா கொண்டுவந்த சொல் வாய்க்குள்ளேயே இருந்தது. சைக்கிளைத் திருப்பினாள்.

“எங்கயடி மா?” என்று வீட்டில் தாய் கேட்டாள். கரியரில் அரிசி அரிசியாகவே இருந்தது. “ஆலைக்குப் போனவள் அரிசியோட வாறாள். கோயிலுக்குப் போனால் தேங்காயோட வருவாய் போல. உன்னைப் பெத்த வயித்தில…” இரஞ்சிதம் திட்டிக்கொண்டே இருந்தாள். கௌசலா மூட்டைகளுக்குப் பின்னால் போய்ச் சாக்கை இழுத்து மூடிக்கொண்டு இருந்தாள். யாரும் தேடி வராமலே.

ஐப்பசியில் ஆமி கிளிநொச்சியை நெருங்க, வாய்க்கால் கரைச் சனம் முழுவதும் பெயர்ந்தது. அப்புத்துரையின் உழவு மிசினில் கொளுவிய பெட்டியில் இரண்டு நெல்மூட்டையும் நிரோஜனின் படமும் ஏற்றிக்கொண்டு அவர்கள் விசுவமடுவுக்குப் போய்த் தறப்பாள் விரித்துக் கட்டி அதற்குக் கீழே இருந்தார்கள். அதற்குள் இன்னொன்றும் நடந்திருந்தது. ஆள் போதாமல் போக, மாவீரர் குடும்பங்களிலும் இன்னொருவரைக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். பக்கத்துத் தறப்பாளில் அண்ணனை மண்ணுக்குக் கொடுத்த ஒரு பெட்டையை ஏற்றிவிட்டார்கள். தில்லைநாதன் அதைக் கேள்விப்பட்ட அன்று சாப்பிடவில்லை. தறப்பாளுக்குள் ஒரு பங்கர் வெட்டினார். அதற்குள் இன்னொரு பொந்து வெட்டினார். கௌசலா அளவுக்கு.

கார்த்திகை இருபத்தேழாம் திகதி, மாவீரர் நாள் அன்று பெருமழை. துயிலும் இல்லத்தில் முழங்கால் மட்டும் சேறு. அப்படியும் சனம் வந்தது. இரஞ்சிதம் போகாமல் இருக்கமாட்டாள். அவளைத் தனியே விடமுடியாது. கௌசலா தாயின் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துவாயை மூடி, கிழவிபோலக் குனிந்து கூடப்போனாள். தகப்பன் முன்னால் நடந்தார். வாசலில் பெற்றோர்களுக்குத் தென்னங்கன்று கொடுத்தார்கள். பிள்ளையின் நினைவாக நட வேண்டும். எங்கே நடுவது என்று யாரும் கேட்கவில்லை. யாருக்கும் நிலம் இல்லை.

மணி அடித்து, ஒவ்வொரு கல்லறைக்கு முன்னாலும் தீபம் ஏற்றினார்கள். மழை அணைத்தது, திரும்ப ஏற்றினார்கள். இரஞ்சிதம் நிரோஜன் என்று எழுதியிருந்த கல்லைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். தில்லைநாதன் அவளுடைய முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் கௌசலா நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த வரிசையில், புதிய கல்லறை ஒன்றுக்கு முன்னாலிருந்து இராசமலர் எழும்பிக்கொண்டிருந்தாள்.

அவளும் கண்டுவிட்டாள். கையில் ஒரு தென்னங்கன்று. நேரே வந்தாள். தில்லைநாதன் அவளைக் கண்டதும் மனைவியின் முதுகிலிருந்த கையை எடுத்துவிட்டார். ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை. அடி வாங்க நிற்கிறவர்போல நின்றார்.

இரஞ்சிதத்துக்குத்தான் முகம் மலர்ந்தது. “அக்கா! நீங்களோ? வந்திட்டானோ பிள்ளை?” என்றவள் அந்தப் புதிய கல்லறையைக் கண்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, அது உங்கட மகளோ? எப்பயக்கா? எனக்குத் தெரியாதே.” எழும்பி இராசமலரின் கையைப் பிடித்தாள். “வாங்கோ. இதுவும் உங்கட பிள்ளைமாதிரித்தான். ஒரு விளக்கு இவனுக்கும் ஏத்துங்கோ.”

இராசமலர் தீபத்தை வாங்கினாள். தலைமாட்டில் பெயர் எழுதிய கல் இருந்த பக்கம் அவள் போகவில்லை. சுற்றிவந்து கால்மாட்டில் குந்தினாள். தீபத்தைச் சேற்றில் ஊன்றினாள். இரண்டு உள்ளங்கையையும் விரித்து, கால்கள் இருக்கக்கூடிய இடத்தில், ஈர மண்ணின் மேல் வைத்தாள். அப்படியே இருந்தாள்.

கௌசலா அவளுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். துவாய் தலையிலிருந்து நழுவியது. இப்போது சொல்வதால் யாரும் திரும்பி வரப்போவதில்லை. யாரும் தப்பப்போவதும் இல்லை. அவள் அந்த மனுசியின் காதுக்குக் கிட்டக் குனிந்தாள்.

“பாத்தனான்” என்றாள். “பாத்தனான் அம்மா. வலக்கால். நான்தான் கட்டினனான். இறுக்கிக் கட்டினனான்.”

இராசமலர் கண்ணை மூடினாள். உள்ளங்கைகள் மண்ணை ஒருமுறை அழுத்தின. எழும்பினாள். தென்னங்கன்றைக் கால்மாட்டில் வைத்தாள். சாயாமல் இருக்க இரண்டு கையாலும் மண்ணை அணைத்தாள். கௌசலாவின் தலையிலிருந்து விழுந்த துவாயை எடுத்து, திரும்ப அவளுடைய முகத்தை மறைத்து இழுத்துவிட்டாள். வாசல் பக்கம் துவக்கோடு நின்றவர்கள் இளம்பெட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, உங்கட மகளின்ர கன்றை இஞ்சை விட்டிட்டுப் போறியள்!” என்று இரஞ்சிதம் பின்னால் கூப்பிட்டாள். “அக்கா! கன்று!”

இராசமலர் திரும்பவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தச் சேற்றில் வெறுங்காலோடு, சனத்துக்குள்ளால் போனாள்.